உள்காற்று, வெளிக்காற்று, தேஷ்பாண்டே மேடம்

போன மாதம் எங்கள் சாங்வி குடியிருப்பின் மூன்றாம் மாடிச் சிவராமன் புதுக் கார் வாங்கினார். கோயம்புத்தூர்க்காரர், ஐடி வேலை, என் நாற்பத்தொன்பதாவது வயதிலேயே என்னை அங்கிள் ஆக்கியவர். முதல் மழையிலேயே கார்க் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட, கையில் ஒரு பழைய பனியனோடு வந்து நின்றார்.

"அங்கிள், நீங்க கம்பெனி டிரைவரா இருந்தவர்தானே? உள்பக்கம் தொடைச்சுத் தொடைச்சுக் கை வலிக்குது. கார்ல ஏதாவது கோளாறா?"

எட்டிப் பார்த்தேன். டாஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு காரின் படம், அதன் வயிற்றுக்குள்ளேயே வளைந்து திரும்பும் ஓர் அம்புக்குறி.

"இந்தப் பட்டனை எப்போ போட்டீங்க?"

"ஷோரூம்லேர்ந்து எடுத்த அன்னிக்கு. ஏசி நல்லாப் பிடிக்கும்னு சொன்னாங்க."

"அப்புறம் எப்போ அணைச்சீங்க?"

"அதை அணைக்கணுமா?"

அழுத்தி அணைத்தேன். ஏசியை ஓடவிட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். இரண்டு நிமிடத்தில் ஆவி கீழிருந்து மேலாகக் கலைந்து, எதிர் கட்டடத்தில் காயும் துணி வரைக்கும் தெரிந்தது. சிவராமன் என்னை ஒரு மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நானும் மந்திரவாதி மாதிரியே நின்றேன். அந்த மந்திரத்தை நான் யாரிடம் கற்றேன், அதை வைத்துக் கற்றுக்கொடுத்தவருக்கே என்ன செய்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்பா கட்கியில் ராணுவத் தொழிற்சாலைத் தொழிலாளி. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மராத்தியில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானம் ஆகும் குடும்பம். நான் பிம்ப்ரியில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டிரைவராகச் சேர்ந்தேன். ஜீப், வேன், மறுபடி ஜீப் என்று எட்டு வருடம் ஓடியது. தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனிக்கு முதல் ஏசி கார் வந்தது. வெள்ளை நிறம். ஏழு டிரைவர்களில் சாவி என் கைக்கு வந்தது. நான் திறமைசாலி என்பதால் அல்ல; மற்ற ஆறு பேரும் புகையிலை போடுவார்கள்.

சாவி வந்த மூன்றாம் நாள். பர்ச்சேஸ் மேனேஜர் பட்கே சாரை ஏற்றிக்கொண்டு சிஞ்ச்வட் வழியாகப் போகிறேன். ஒரு சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரன் என் வண்டிக்கு அடியில் கையைக் காட்டினான். குனிந்து பார்த்தால் சொட்டுச் சொட்டாக ஏதோ ஒழுகுகிறது. பதற்றம் வந்துவிட்டால் என் வலது கையும் இடது கையும் வேறு வேறு யூனியனில் சேர்ந்துவிடும். "சார், இறங்குங்க! பிரேக் ஆயில்!" என்று அலறிக்கொண்டே அவரைக் கையைப் பிடித்து நடுரோட்டில் இறக்கினேன். அவருடைய ஃபைல்களையும் ஒவ்வொன்றாகக் காப்பாற்றினேன். பட்கே சார் பொறுமையாகக் குனிந்து, அந்தச் சொட்டில் விரலை நனைத்து, முகர்ந்து பார்த்தார்.

"முருகேஷ், இது தண்ணீர். ஏசி போட்டால் தண்ணீர் சொட்டும்."

அன்று மாலையே டிரைவர்கள் அறையில் எனக்குப் புதுப் பெயர் வைத்தாகிவிட்டது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வரும்வரை நான் 'பிரேக் ஆயில்' முருகேசன்தான்.

மறுநாள் வாகனப் பிரிவின் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தேஷ்பாண்டே மேடம். என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஒல்லியான உடம்பு, காட்டன் புடவை, நான்காக மடித்த கைக்குட்டை. பதினோரு வண்டிகளும் அவர் கையெழுத்தில்தான் நகரும். அவருக்கோ சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. உலகத்தில் என்ன நடந்தாலும் அவருடைய மூக்குக்குத்தான் முதலில் தகவல் போகும்.

"பிரேக் ஆயில் கதை கேட்டேன்" என்றார், சிரிக்காமல். "வண்டியை எடுங்க. நான் பக்கத்துல உட்கார்றேன்."

வெயிலில் நின்ற கார். ஏறியதும் ஏசி சுவிட்சுக்குப் போன என் கையைத் தடுத்தார். "முதல்ல நாலு கண்ணாடியையும் இறக்குங்க. கேட் வரைக்கும் ஓட்டுங்க. உள்ளே வெந்துகிட்டிருக்கிற காத்து வெளியே போகட்டும். அதைப் போய் ஏன் குளிர வைக்கறீங்க?" கேட்டைத் தாண்டியதும் கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, அம்புக்குறி லீவரை உள்பக்கம் தள்ளச் சொன்னார். எங்கள் டிரைவர்கள் பாஷையில் அது 'அந்தர்வாலா': வெளிக்காற்றை அடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைப்பது. வண்டி சீக்கிரம் குளிர்ந்தது. நான் பெருமையோடு லீவரை விட்டுவிட்டு ஓட்டினேன். பத்து நிமிடம் கழித்துக் கேட்டார்.

"இந்த வண்டியில எத்தனை பேர் இருக்கோம்?"

"ரெண்டு பேர், மேடம்."

"நீங்க விட்ட மூச்சைத்தான் நான் இழுத்துக்கிட்டிருக்கேன். போதும். பாஹர்வாலா." வெளிக்காற்று வர லீவரைத் திறந்தேன்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தார். பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலைப் பக்கம் புளித்த மாவு வாசனை வந்ததும் "அந்தர்". தாண்டியதும் "பாஹர்". தாபோடி ஆற்றுப் பாலத்துக்கு ஐம்பது அடி முன்னால் "அந்தர்". வாசனை வந்த பிறகு மூடினால் வாசனையையும் உள்ளே வைத்துப் பூட்டியதாக ஆகும், அதனால் முன்னாலேயே மூட வேண்டும். போப்போடி சிக்னலில் ஆட்டோக்களின் புகை கலையும்வரை மூடியே இருக்கட்டும். பல்கலைக்கழகச் சாலையின் மரங்கள் வந்ததும், சொல்லவே வேண்டாம், அவரே கை நீட்டி லீவரை இழுத்துவிட்டு, ஒரு நீண்ட மூச்சு இழுத்தார்.

வாரம் ஒருமுறை வண்டியைப் பரிசோதிப்பார். பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவில் சல்லடை போல ஒரு தடுப்பு இருக்கும். வெளிக்காற்று நுழைகிற வாசல் அதுதான். ஏசிக் காத்தாடியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒரு துண்டு மெல்லிய காகிதத்தை அதன்மேல் விடுவார். காகிதம் ஒட்டிக்கொண்டால் பாஸ். வழுக்கி விழுந்தால் குல்மொஹர் இலை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தடுப்பைக் கழற்றி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல அந்தப் பொடி இலைகளை நான் பொறுக்க வேண்டும். அவர் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார். மழைக்காலத்துக்கு வேறு சட்டம்: ஏசி ஓட வேண்டும், காற்று கண்ணாடிக்குப் போக வேண்டும், லீவர் பாஹரிலேயே இருக்க வேண்டும். புகை, நாற்றம் என்று ஏதாவது வந்தால் மட்டும் கொஞ்ச நேரம் அந்தர். வண்டிக்குள் ஊதுபத்தி, பூச்சரம், சென்ட் எதுவும் கூடாது. இதையெல்லாம் டைப் அடித்து, சன்வைசருக்குப் பின்னால் ஒட்டியும் வைத்தார்.

அந்தக் கடைசிச் சட்டத்தில்தான் என் குறும்பு போய் விழுந்தது.

டிரைவர்கள் அறையில் காம்ப்ளே என்று ஒருவன். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவான், பின்னாலிருந்து 'பிரேக் ஆயில் அண்ணா' என்பான். மேடத்தின் மூக்கு பற்றி ஒருநாள் பேச்சு வந்தது.

"அது மூக்கு இல்ல, அண்ணா. போலீஸ் நாய் தோத்துடும்."

"சும்மா இரு. எல்லாம் ஒரு பந்தா. சிக்னல் வந்தா எனக்கும்தான் புகை தெரியுது."

"அப்ப சீட்டுக்கு அடியில ஒரு சென்ட் டப்பா வச்சுக் காட்டு. கண்டுபிடிக்கலேன்னா ஒரு வாரம் மிசல் பாவ் என் செலவு."

கட்கி பஜாரில் மல்லிகை வாசனை டப்பா ஒன்று வாங்கினேன். மூடியில் ஓட்டை போட்ட, உள்ளங்கை அளவு டப்பா.

ஜூலை மாதம். மும்பைத் தலைமை அலுவலகத்தில் ஏதோ தணிக்கை. வாகனப் பேப்பர்களோடு மேடமும் வர வேண்டியிருந்தது. பின்சீட்டில் பட்கே சாரும் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவரும். மேடம் எப்போதும்போல் என் பக்கத்தில். டப்பா என் சீட்டுக்கு அடியில். ஏறும்போதே மேடத்தின் குரல் கம்மியிருந்தது.

"ரெண்டு நாளா ஜலதோஷம். இன்னிக்கு என் மூக்கு லீவு, முருகேஷ். நீங்கதான் பார்த்துக்கணும்."

அந்த இடத்தில் டப்பாவை எடுத்திருக்க வேண்டும். மனிதனாக இருந்தால் எடுத்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? லோணாவளா வரைக்கும் கண்டுபிடிக்காவிட்டால் பந்தயம் எனக்கு என்று மனசுக்குள் எல்லைக்கோடு போட்டேன். மழை, அதனால் லீவர் பாஹரில் இருந்தது. வாசனையும் மெல்லிசாகத்தான் இருந்தது. லோணாவளா வந்தது, போனது. ஒரு வார மிசலின் காரம் இப்போதே நாக்கில் ஏறியது.

எக்ஸ்பிரஸ்வே வராத காலம். கண்டாலாவைத் தாண்டி மலை இறக்கத்தில் பழைய ரோடு ஒன்றுதான். இரண்டு வளைவு இறங்கியிருப்போம், வரிசை நின்றுவிட்டது. கீழே மண் சரிந்து ரோட்டை மூடியிருக்கிறதாம். எங்களுக்கு முன்னால் பதினொரு லாரி, பின்னால் ஒரு டேங்கர். முந்தப் போன இரண்டு பஸ்கள் வலப்பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நின்றன. எல்லா லாரியும் இன்ஜினை ஓடவிட்டபடி. மழையில் புகை மேலே ஏறாமல் ரோட்டோடு ரோடாகப் படுத்திருந்தது. மேடம் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "அந்தர்" என்றார். லீவரை மூடினேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேடம் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்தார். கொஞ்சம் பொறுத்து, மறுபடி இழுத்தார். மூச்சு உள்ளே போகும்போது, தூரத்தில் எங்கோ யாரோ விசில் அடிப்பதுபோல் ஒரு சத்தம். நான்கு பேரின் மூச்சில் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. உள்பக்கம் படிந்த ஆவிக்கு வெளிப்பக்க வைப்பரை முழு வேகத்தில் போட்டேன். எதற்கென்று தெரியாமல் ஹாரனும் அடித்தேன். லீவரைத் திறந்தேன், லாரிப்புகை பொத்தென்று உள்ளே வந்தது. அவர் உடம்பையே வளைத்து இருமினார். மூடினேன். விசில் இன்னும் பெரிதானது. அவர் கையால் ஏதோ காட்டினார். எனக்கு அது 'இன்னும் இறுக்கி மூடு' என்று பட்டது. ஏற்கெனவே மூடியிருந்த கண்ணாடிகளை மறுபடி மறுபடி ஏற்றிப் பார்த்தேன்.

அப்போது பின்சீட்டில் பட்கே சார், பாவம், நிலைமையை இலகுவாக்க நினைத்துச் சொன்னார்: "பூ எங்கே வச்சிருக்கீங்க, முருகேஷ்? மல்லிகை வாசனை இப்போ ரொம்ப நல்லா வருதே!"

மூக்குதான் லீவு. நெஞ்சு லீவில் இல்லை. பாஹர்வாலாவில் கரைந்துகொண்டிருந்த வாசனையை, அந்தர்வாலா போட்டுக் கால் மணி நேரமாக அவர் நெஞ்சுக்குள் நான்தான் சுற்றிச் சுற்றி ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்தேன். மேடம் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஆளுக்கு மூச்சே இல்லாதபோது கோபத்துக்கு எங்கே போவார்?

கதவைத் திறந்து மழையில் ஓடினேன். அவரை வெளியே இறக்கினால் புகை, உள்ளே வைத்தால் மல்லிகை. லீவரைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் வெளியில் காற்று என்று ஒன்று இருக்க வேண்டும். முதல் லாரியின் கதவைத் தட்டினேன். "பாய் சாப், இன்ஜின் பந்த் கரோ, ஒரு அம்மாவுக்கு மூச்சு வரல" என்று இந்தியில் பாதி, மராத்தியில் பாதி, தமிழில் மீதி. அவன் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். இரண்டாவது ஆள் திரும்பவே இல்லை. மூன்றாவது லாரியில் தமிழ்நாட்டு நம்பர், கதவில் நாமக்கல் என்று எழுதியிருந்தது. கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

"அண்ணே! அண்ணே! வண்டிய ஆஃப் பண்ணுங்கண்ணே! எங்க மேடத்துக்கு மூச்சு நின்னுடும் போலக்குது!"

மீசை வைத்த பெரிய முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. "அட, தமிழுங்களா! எதுக்குங்க இப்படி அழுவறீங்க?"

"அழல. மழை."

"மழ மூக்குலயா ஒழுகும்? அதென்னங்க கையில?"

அப்போதுதான் பார்த்தேன். டப்பாவை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மழையில் நனைந்த மல்லிகைக் கல்யாண வீடு மாதிரி மணக்கிறேன்.

"இதனாலதாண்ணே வந்துச்சு. நான்தான் வச்சேன்."

அவர் ஒரு நொடி யோசித்தார். "இறக்கத்துல சும்மா ஆஃப் பண்ண முடியாதுங்க. ஏர் இறங்கிடுச்சுன்னா பிரேக் நம்பக்கூடாது. சக்கரத்துக்குக் கல்லுப் போடோணும்." சொல்லிக்கொண்டே ஒரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கிவிட்டார். இரண்டு கல்லை உருட்டி முன்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார், ஏறி இன்ஜினை அணைத்தார். "நீங்க பின்னால இருக்கற டேங்கருக்குப் போங்க. முன்னால நான் பாத்துக்கறனுங்க. அந்தக் கருமத்தை இங்க குடுத்துட்டுப் போங்க" என்று டப்பாவை வாங்கித் தன் கேபினுக்குள் எறிந்தார்.

நான் டேங்கர்க்காரர் காலில் விழாத குறையாகக் கல்லை நானே தூக்கிப் போட்டேன். முன்னால் நாமக்கல்காரரின் குரல் வளைவு வளைவாக இறங்கிப் போனது. கெஞ்சல் இல்லை, அதட்டல். "ஏய் சர்தார்ஜீ! பந்த் கரோ! லேடீஸ் பீமார்!" ஒரு லாரி நின்றது. இன்னொன்று நின்றது. எனக்குக் கண்ணாடியை ஏற்றிய ஆளும் முனகிக்கொண்டே இறங்கிக் கல் தேடினான். பஸ்கள் இரண்டும் அணைந்தன. கடைசி இன்ஜினும் நின்றபோது, அதுவரை அங்கே இருந்தது தெரியாத ஒரு சத்தம் கேட்டது. மலைமேலிருந்து தண்ணீர் விழும் சத்தம்.

ஓடி வந்து எங்கள் இன்ஜினையும் அணைத்தேன். சாவியை ஒரு படி மட்டும் திருப்பி, காத்தாடியை முழு வேகத்தில் விட்டு, லீவரைத் திறந்தேன். பாஹர்வாலா. முதலில் கொஞ்சம் மிச்சப் புகை. பிறகு ஈர மண், பாசி, பச்சை இலை. மேடம் இரண்டு கையையும் டாஷ்போர்டில் ஊன்றி, காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டார். பட்கே சார் பின்னாலிருந்து அவர் முதுகைத் தடவுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்திருந்தார். நான் மூச்சு எண்ணினேன். இருபத்தேழாவதில் விசில் சத்தம் மெலிந்தது. நாற்பதைத் தாண்டியபோது அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒருவழியாக ஒற்றைப் பாதையைத் திறந்தார்கள். பஸ்கள் போனதும் போலீஸ்காரர் சின்ன வண்டிகளைக் கூப்பிட்டார். வலப்பக்கமாக லாரிகளைத் தாண்டி இறங்கினேன். லாரிக்காரர் ஒருவரும் ஸ்டார்ட் செய்யவில்லை. பதினொரு லாரியும் கல்லின்மேல் சாய்ந்து இருட்டாக நின்றன. நாங்கள் கடந்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். நாமக்கல்காரர் சாக்குக்குள்ளிருந்து கையை மட்டும் அசைத்தார். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

கோப்போலியில் ஒரு டாக்டர் ஊசி போட்டார். மேடம் தணிக்கைக்கும் வந்தார், கையெழுத்தும் போட்டார். மறுநாள் பயண அறிக்கையில் அவர் எழுதியதைப் பார்த்தேன். 'மலைப்பாதையில் தாமதம். லாரிப் புகையால் பயணி ஒருவருக்கு மூச்சுத் திணறல்.' அவ்வளவுதான். டப்பா பற்றி ஒரு எழுத்து இல்லை. எழுதியிருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும். நான் அவருடைய மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து, "என்ன முருகேஷ்?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம், டீசல் ஸ்லிப்" என்றேன். அந்த வண்டி பெட்ரோல் வண்டி.

காம்ப்ளேயிடம் மேடம்தான் ஜெயித்தார் என்று சொல்லி, ஒரு வாரம் அவனுக்கு மிசல் வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: புகை இல்லாத ஊர். கொங்கண் கடற்கரைப் பக்கம் தாபோலியில் மேடத்தின் தம்பி இருந்தார். வேலையை விட்டுவிட்டு அங்கே போவதென்று முடிவானது. கடைசி நாள் ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடும் டியூட்டியை நானே கேட்டு வாங்கினேன். சொல்ல வேண்டியதை மராத்தியில் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். தாபோடி பாலத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன், லீவரை மூடினேன். சிவாஜிநகரில் சொல்லலாம் என்று நினைத்தேன், லீவரைத் திறந்தேன். லாரிக்காரர்களிடம் மழையில் கத்திச் சொன்ன வாய், ஒரு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் திறக்கவில்லை.

பஸ் நிலையத்துக்குள் திரும்பியதும் பஸ் புகை. மேடம் தானே கை நீட்டி அந்தர் போட்டார்.

"முருகேஷ், அன்னிக்கு அது மோக்ராதானே? மல்லிகை?"

தலையை ஆட்டினேன்.

"நல்லா இருந்துச்சுன்னு பட்கே சார் ரெண்டு மூணு தடவை சொன்னார்."

"மேடம், நான்..."

"எனக்குத்தான் ஒண்ணுமே தெரியல. மூக்கு அடைச்சிருந்துச்சு." கைக்குட்டையை நான்காக மடித்தார். "கல்யாணத்தன்னிக்குத் தலையில வச்சது. அன்னிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரி. அதுக்கப்புறம் கிட்டேயே போனதில்ல. இருபத்து மூணு வருஷம். வாசனை எப்படின்னே மறந்துபோச்சு." வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

எனக்கு மராத்தியில் வாசனையைச் சொல்லத் தெரியவில்லை. தமிழிலும் தெரியாது என்று பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தபோது புரிந்தது. "நல்லா இருந்துச்சு, மேடம்" என்றேன்.

"ம்" என்றார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கினார். பெட்டியை மேலே ஏற்றி வைத்துவிட்டுக் கீழே நின்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர், பஸ் கிளம்பும்போது, போ போ, புகையில் நிற்காதே என்று என்னை விரட்டுவதுபோல் கையை வீசிக்கொண்டே போனார்.